அலாஸ்கா நெடுஞ்சாலையின் கடைசி 1,400 கிலோமீட்டரில் ஆர்வி மக்கர் பண்ணினால்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் வண்டிப் பட்டறை வைத்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில், ரப்பர்ப் பால் லோரி ரிப்பேருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன். அந்த லோரியிடம் படித்தது ஒன்று உண்டு: பால் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும்போது வண்டி படுக்காது, காலி டாங்கியோடு திரும்பும்போதுதான் படுக்கும். திரும்பும்போது டிரைவரின் மனசு அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். டயரைத் தட்டிப் பார்க்க ஆள் இருக்காது.

போன செப்டம்பரில் எங்கள் குடும்பம் பதினோரு பேர் மூன்று ஆர்வியில் (அடுப்பு, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) கனடாவின் வடக்குக் காட்டுக்குப் போய் வந்தோம். எட்மண்டனில் வாடகைக்கு எடுத்து, அலாஸ்கா நெடுஞ்சாலையில் ஏறி, வைட்ஹார்ஸ், டாசன் நகரம் எல்லாம் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பினோம். மொத்தம் 24 நாள். முதல் 19 நாள் ஒரு குறையும் இல்லை. வைட்ஹார்ஸை விட்டுத் தெற்கே திரும்பிய கடைசி ஐந்து நாளில் எல்லாம் சேர்ந்து வந்தது. இப்போது தாமான் கோயில் குழுவிலிருந்து அடுத்த கூட்டம் கிளம்புகிறது. தினம் ஒருவர் பட்டறைக்கு வந்து கேட்கிறார். சொல்லிச் சொல்லி என் தே தாரிக் ஆறிப்போகிறது. அதனால் என்ன அறிகுறி தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் தூரம். வைட்ஹார்ஸிலிருந்து வாட்சன் லேக் சுமார் 440 கி.மீ. அங்கிருந்து ஃபோர்ட் நெல்சன் 510. அங்கிருந்து நெடுஞ்சாலை தொடங்கும் டாசன் கிரீக் 450 சொச்சம். (டாசன் நகரம் வேறு, டாசன் கிரீக் வேறு. இரண்டுக்கும் நடுவே 1,900 கி.மீ. எங்கள் சித்தி கடைசி நாள் வரை இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருந்தார்.) நம் ஊர்க் கணக்கில், வாட்சன் லேக்கில் வண்டியை எடுத்தால் ஏறக்குறைய ஜொகூர் பாருவை எட்டும் தூரம் ஓடிய பிறகுதான் அடுத்த பட்டணம். நடுவில் நம் நெடுஞ்சாலை ஓய்விடம்போல் ஆர் அண்ட் ஆர் கிடையாது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும் சாலையோர விடுதிகள் பல மூடிக் கிடக்கின்றன. அவற்றை நம்பி எண்ணெய்க் கணக்குப் போடாதீர்கள். கைப்பேசிக்கும் பெரும்பாலான தூரத்துக்கு சிக்னல் இல்லை. ஆகவே கோளாறை மூன்று பட்டணங்களில் ஒன்றில் கண்டுபிடிக்க வேண்டும். வழியில் கண்டுபிடித்தால் கரடிக்குத்தான் சொல்ல முடியும்.

இதற்காகத்தான் நான் தினமும் காலையில் பெரட்டு வைத்தேன். தோட்டத்தில் விடியற்காலை கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பேர் கூப்பிடுவாரே, அதேபோல் மூன்று வண்டியையும் நிறுத்தி, டயர், பேட்டரி, கேஸ், தண்ணீர், பின்கதவு, ஆள் எண்ணிக்கை எல்லாம் பார்ப்பது. பதினைந்து நிமிஷம். இருபதாம் நாள் காலையில், “அண்ணே, தினமும் இதையே பார்க்கணுமா? வீட்டுக்குத்தானே போறோம்?” என்றான் சின்ன மச்சான். நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்தது.

ஹீட்டர் ஓடுகிறது, நிற்கிறது. காலையில் விளக்கு மங்கல்

டெஸ்லின் பக்கம் தங்கிய ராத்திரி இது நடந்தது. செப்டம்பர் வந்தால் அங்கே ராத்திரியில் தண்ணீர் உறையும். சம்பந்தியம்மா இரண்டு சேலையைச் சுற்றி, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கேஸ் உறைஞ்சி போச்சு” என்று தீர்ப்பு சொன்னான் மச்சான்.

கேஸ் அப்படி உறையாது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்தக் குளிரில் நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

ஹீட்டர் எரிவது கேஸில். ஆனால் அதன் விசிறி ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில். விசிறி முதலில் சுழல வேண்டும். அந்தக் காற்று உள்ளே ஒரு சின்னத் தகட்டைத் தள்ள வேண்டும். தகடு நகர்ந்தால்தான் பொறி அடித்து நெருப்புப் பிடிக்கும். பேட்டரி இறங்கியிருந்தால் விசிறி சோம்பலாகச் சுற்றும், தகடு நகராது, நெருப்பு வராது. காதைக் கொடுத்துக் கேளுங்கள். விசிறி மெதுவாக முனகினால் பேட்டரி. நன்றாகச் சுற்றி, டிக் டிக் என்று பொறியும் அடித்து, நெருப்பு மட்டும் வரவில்லையென்றால் கேஸ். ஒரு சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸையும் சுவரில் இருக்கும் வெப்பப் பொத்தானையும் பாருங்கள்.

வோல்ட் அளக்கும் மலிவான மல்ட்டிமீட்டர் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். காலையில் எதையும் போடுவதற்கு முன்னால் வண்டியின் வீட்டுப் பகுதிக்கு மின்சாரம் தரும் பேட்டரியை அளந்தால் 12.6 முழுசு, 12.2 பாதி, 12.0 என்றால் அதற்கு மேல் அதைக் கறக்கக் கூடாது. எஞ்சின் பேட்டரி வேறு, வீட்டுப் பேட்டரி வேறு என்பதையும் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். கதவுப் படிக்குப் பக்கத்தில் வீட்டுப் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். ஏறி இறங்கும் கால் அதில் பட்டு, “எல்லாமே செத்துப்போச்சு” என்று ஒரு நாள் கலவரம் நடந்தது.

உடனடி வைத்தியம்: எஞ்சினைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், ஹீட்டரை 15 டிகிரிக்கு இறக்கிவிட்டுப் படுங்கள். மறுநாள் ஐந்தாறு மணி நேரம் ஓட்டினால் பேட்டரி தேறிவிடும். எஞ்சின் பேட்டரியே படுத்துவிட்டால், பல வண்டிகளில் டாஷ்போர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினால் வீட்டுப் பேட்டரி கை கொடுக்கும்.

குளிருக்காக அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அடைத்த வண்டிக்குள் எரியும் கேஸ் அடுப்பு மூச்சடைத்துக் கொல்லும், வாசம்கூட வராது.

ஜெனரேட்டர் நின்றுவிட்டது, திரும்பப் பிடிக்கவில்லை

பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். ஜெனரேட்டர் குடிப்பதும் வண்டியின் அதே டாங்கியிலிருந்துதான். ஆனால் அதன் குழாயை வேண்டுமென்றே உயரத்தில் வைத்திருப்பார்கள்; டாங்கி கால்பங்குக்கு வந்தால் ஜெனரேட்டருக்கு எண்ணெய் எட்டாது. ராத்திரி முழுக்க ஓடி, விடிந்ததும் வண்டியை ஓட்ட எண்ணெய் இல்லாமல் காட்டில் நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அரை மணி நேரம் ஸ்பேனரோடு அடியில் படுத்துக் கிடந்த பிறகுதான் எனக்கே நினைவு வந்தது. முப்பது வருஷப் பட்டறைக்காரன்!

அந்த வண்டி 100 கி.மீ.க்கு 20 முதல் 25 லிட்டர் குடிக்கும், எதிர்க்காற்று அடித்தால் இன்னும் கூட. முள் பாதிக்கு வந்தால், விலை எவ்வளவு என்று பார்க்காமல் அடுத்த பம்பில் அடித்துவிடுங்கள்.

ஐஸ் பெட்டி குளிரவில்லை

முதலில், அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் வீட்டில் இருப்பதுபோல் உர்ரென்று கம்ப்ரசர் சத்தம் போட்டால் அது பேட்டரியில் ஓடுவது. மேலே சொன்ன பேட்டரி வைத்தியமே போதும். சத்தமே இல்லாதது கேஸில் ஓடும் பழைய வகை. அதற்குள் மோட்டார் கிடையாது. சூட்டில் அமோனியாக் கலவை கொதித்து, மேலே ஏறி, தானாகவே வழிந்து இறங்கித்தான் குளிர் வரும். வழிந்து இறங்க வேண்டுமென்றால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். சாய்வான இடத்தில் ராத்திரி முழுக்க நிறுத்தினால் குளிராது. நாள்கணக்கில் அப்படியே விட்டால் பெட்டியே கெட்டுவிடும். ஒரு கிளாஸில் பாதித் தண்ணீர் ஊற்றி ஐஸ் பெட்டித் தரையில் வையுங்கள், மட்டம் தெரிந்துவிடும். சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்துச் சரிசெய்யுங்கள்.

வண்டி மட்டமாக நின்றும் குளிரவில்லையென்றால் அடுப்பைப் பற்ற வைத்துப் பாருங்கள். சுடர் நீலமாக நிமிர்ந்து நின்றால் கேஸ் இருக்கிறது. வெளிப்புறச் சுவரில் ஐஸ் பெட்டிக்கு நேரே இருக்கும் கிராதியைத் திறந்து தூசியையும் பூச்சியையும் ஊதிவிடுங்கள். சுடர் சோர்ந்து தலையாட்டினால் கேஸ் சரியாக வரவில்லை.

எங்களுக்கு நடந்தது இன்னொன்று. கேஸ் நிரப்பியவுடன் பெரியண்ணன் வால்வை ஒரே மூச்சில் முழுக்கத் திறந்துவிட்டார். குழாய் எங்கோ அறுந்து கேஸ் பாய்கிறது என்று எண்ணி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு வால்வு அடைத்துக்கொண்டது. டாங்கி முழுசாக இருக்கிறது, அடுப்பில் மட்டும் சுடர் இல்லை. இதற்கு மருந்து பொறுமை. வால்வை முழுக்க மூடி, பத்து நிமிஷம் விட்டு, பிறகு தயிர்ப்பானை மூடியைத் திறப்பதுபோல் மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். அடுப்பை முதலில் பற்ற வைத்துக் குழாயில் இருக்கும் காற்றை எரித்துத் தீர்த்த பிறகு ஐஸ் பெட்டியைப் போடுங்கள். அது குளிர ஒரு ராத்திரி ஆகும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் இரண்டு ராத்திரி.

பெட்ரோல் பம்புக்குள் நுழைவதற்கு முன்னால் கேஸில் எரியும் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். வெளியே வந்ததும் திரும்பப் போட ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். “யாராவது போட்டிருப்பாங்க” என்பதில் எங்கள் கோழி அரை மூட்டை போயிற்று.

ரைஸ் குக்கர் சுடுகிறது, சோறு வேகவில்லை

குக்கரில் கோளாறு இல்லை. நம்முடையது 240 வோல்ட் குக்கர், அங்கே சுவரில் வருவது 120. வோல்ட் பாதியானால் சூடு பாதியாகாது, கால்பங்காகிவிடும். அரிசி வெந்நீரில் ஊறிக்கொண்டே இருக்கும். கேஸ் அடுப்பில் கஞ்சி வடித்துச் சாப்பிடுங்கள், அல்லது அங்கேயே இருபது முப்பது டாலருக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் மைக்ரோவேவையும் மின்சார ஹீட்டரையும் ஒரே நேரத்தில் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும், முகாமில் கிடைப்பது பெரும்பாலும் 30 ஆம்பியர்தான்.

மிளகாய் தாளித்தால் புகை மணி கத்தும். ஜன்னலைத் திறந்து விசிறியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். மணியின் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தாளிப்பது எங்கள் அண்ணி கண்டுபிடித்த முறை, அதைச் செய்யாதீர்கள். விட்டுவிட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கீச்சென்றால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். விடாமல் கத்தினால் எல்லாரும் இறங்கிய பிறகு காரணம் தேடலாம்.

பின்பக்கம் லேசான ஆட்டம், வண்டி சோம்புகிறது

இதில்தான் எங்கள் பயணமே திசை மாறியது, அதனால் நிறுத்திச் சொல்கிறேன்.

டெஸ்லினிலிருந்து வாட்சன் லேக் போகும் வழியில், ரான்செரியா ஆற்றோரம் இரண்டாவது வண்டியை ஓட்டிய மருமகன் ரேடியோவில் கூப்பிட்டான்: “மாமா, வண்டி பின்னால ஒரு மாதிரி நெளியுது. ரோடு சரியில்லையா?” ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. ஓரம் கட்டினோம். நாலு பேர் சுற்றி வந்து பார்த்தார்கள். “டயர் எல்லாம் நல்லாத்தானே இருக்கு.”

அந்த வண்டிகளுக்குப் பின்னால் இரட்டைச் சக்கரம். வெளிச் சக்கரம் நன்றாக இருந்தால் உள் சக்கரம் காற்றே இல்லாமல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, வெளிச் சக்கரம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஒற்றைச் சக்கரம் இரண்டு சக்கரத்துப் பாரத்தைச் சுமந்து சூடேறி, கடைசியில் அதுவும் வெடிக்கும். தோட்டத்து லோரியில் இதைக் கண்டுபிடிக்க ஒரே கருவி கொட்டாப்புளி. ரப்பர் மரக் கட்டையில் செய்த என் கொட்டாப்புளியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை.

வெளி டயரைத் தட்டினேன். கை துள்ளித் திரும்பியது, டங் என்று சத்தம். உள் டயரைத் தட்டினேன். கட்டை அப்படியே ஒட்டிக்கொண்டதுபோல் தொப்பென்று ஒரு சத்தம். புறங்கையை வெளி டயர்ப் பக்கம் கொண்டுபோனேன், தோசைக்கல் சூடு. மற்ற பக்கத்து டயர்கள் வெதுவெதுப்புதான். இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போயிருந்தால் அதுவும் போயிருக்கும்.

இரண்டு டயருக்கு நடுவே கூர்மையான கருங்கல் ஒன்று சிக்கி, உள் டயரின் பக்கச்சுவரைத் தின்றிருந்தது. வடக்கே சரளைச் சாலையில் ஓடிய நாளில் ஏறிய கல்லாக இருக்க வேண்டும். முந்தின நாள் பெரட்டு வைத்திருந்தால் வைட்ஹார்ஸிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தினமும் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கிறது, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று. உள் டயருக்கு வால்வு எட்டாவிட்டால் கட்டையால் தட்டுங்கள். இரண்டு டயருக்கும் நடுவே டார்ச் அடித்துக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் அடிக்க நிற்கும்போதெல்லாம் புறங்கையால் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் வித்தியாசமாகச் சுட்டால் அதுதான் குற்றவாளி. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் எண்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. செய்யுங்கள்.

இறக்கத்தில் கருகல் வாசம், பிரேக் மிதி மெத்தென்று இறங்குகிறது

கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்குப் பழைய சாலையில் இறங்கியவர்களுக்கு இந்த வாசம் தெரியும். நெடுஞ்சாலையின் உச்சி சம்மிட் லேக், 1,295 மீட்டர். அங்கிருந்து ஃபோர்ட் நெல்சன் வரை ஸ்டீம்போட் மலையும் சேர்ந்து ஏற்ற இறக்கம்தான். பிறகு டெய்லரில் பீஸ் ஆற்றுக்கு இறங்கும் இறக்கம் ஒன்று இருக்கிறது.

பிரேக்கில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்து, குழாயில் ஆவி புகுந்து, மிதி பஞ்சாகிவிடும். இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே கியர் கம்பி முனையில் இருக்கும் இழுவைப் பொத்தானை அழுத்துங்கள், கியரைக் குறையுங்கள். எஞ்சின் கத்தும். கத்தட்டும், அதற்கு ஒன்றும் ஆகாது. வேகம் கூடினால் ஒரு தடவை அழுத்தமாகப் பிரேக் போட்டு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு காலை எடுத்துவிடுங்கள்.

வாசம் வந்துவிட்டால் ஒதுங்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, குறைந்தது அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் தகடு நெளிந்துவிடும்.

கண்ணாடியில் கல் பட்டு நட்சத்திரம்

உடனே அதன் மேல் தெளிவான டேப் ஒட்டுங்கள், தூசி புகக் கூடாது. குளிர்ந்த கண்ணாடியில் சூடான காற்றை நேரே அடிக்காதீர்கள். நட்சத்திரம் கோடாகி, காலைச் சாப்பாட்டுக்குள் அந்தக் கோடு மறுபக்கம் போய்விடும். பட்டணத்தில் பசை விட்டு அடைத்துவிடலாம்.

கழிவறை நாறுகிறது, அளவு விளக்கு எப்போதும் ‘முழுசு’

வெள்ளைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை வருவது காகிதத்தால். நமக்குத் தண்ணீரால். நாம் கோப்பையில் மொண்டு கழுவுகிறவர்கள். அடைப்பு குறைவு, ஆனால் டாங்கி இரண்டு நாளில் நிரம்பிவிடும். எனவே விளக்கை நம்பாதீர்கள், நாளை எண்ணுங்கள். அந்த விளக்குக்கு டாங்கிச் சுவரில் இருக்கும் ஆணியில் அழுக்கு ஒட்டினாலே ‘முழுசு’தான்.

முகாமில் குழாயை மாட்டிவிட்டோமே என்று கழிவறை வால்வைத் திறந்தே வைக்கிறார்கள். தண்ணீர் ஓடிவிடும், மற்றது குவிந்து கல்லாகிவிடும். மூடியே வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு ஒரே பாய்ச்சலில் விடுங்கள். முதலில் கழிவறை, பிறகு குளியல் நீர். பின்னது குழாயைக் கழுவிக்கொண்டு போகும்.

கழிவறை சுத்தமாக இருந்தும் நாற்றம் வந்தால் சமையல் தொட்டி. குலுங்கிய சாலையில் வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் சிந்தி, டாங்கி வாசம் மேலே வருகிறது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். கோழிக்கறி எண்ணெயை மட்டும் அதில் ஊற்றாதீர்கள். அந்தக் குளிரில் குழாய்க்குள் மெழுகாகிவிடும்.

பின்னால் வந்த வண்டியைக் காணோம்

டயரை மாற்றி, வாட்சன் லேக் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. பட்டறையில் இன்னும் இரண்டு மணி நேரம். அங்கே ஊர்ப் பலகைக் காடு ஒன்று இருக்கிறது. 1942ல் இந்தச் சாலையைப் போட வந்த அமெரிக்கச் சிப்பாய் கார்ல் லிண்ட்லி ஊர் ஏக்கத்தில் தன் ஊர்ப் பலகையை நட்டுவைக்க, பிறகு வந்தவர்கள் எல்லாம் நட்டு, இப்போது பல்லாயிரம் பலகை. பெரியண்ணன் தன் பழைய லோரியின் எண் பலகையை மலேசியாவிலிருந்தே கொண்டுவந்திருந்தார். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் எட்டு மாசத்தில் போட்ட சாலை என்று அங்கே படித்தோம். அதே யுத்தத்தில் அதே ஜப்பான்காரன் நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றினான். எங்கள் தாத்தாவின் தம்பி அதில் போனவர், திரும்பவில்லை. அண்ணன் ஆணி அடித்து முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆனால் கிளம்பும்போது மணி ஐந்து. ராத்திரி தங்கவிருந்த லியார்டுக்கு 210 கி.மீ. எட்டு மணிக்கு மேல் இருட்டு. அந்தச் சாலையின் ஓரத்தில்தான் காட்டெருமைக் கூட்டம் மேயும். நம் காட்டு மாடு செலாடாங் மாதிரி உருவம், கிடா ஒரு டன்னை நெருங்கும். மான் கண்ணாவது விளக்கில் பளிச்சிடும். இது தலையைக் கவிழ்ந்து மேய்கிற கறுப்பு மலை, கிட்டே வரும்வரை தெரியாது.

முன்வண்டியில் நான். ஒரு வளைவில் கூட்டம் சாலையின் குறுக்கே நின்றது. நிறுத்தினேன், அரை மணி நேரத்தில் அவை நகர்ந்தன. பின்னால் வெளிச்சம் ஒன்றுதான் தெரிந்தது. மூன்றாவது வண்டி இல்லை. ரேடியோவில் கூப்பிட்டால் கரகரப்பு மட்டும். மலை மறைத்தால் அந்தச் சின்ன ரேடியோ நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. திரும்பிப் போய்த் தேடலாம் என்றான் மருமகன். அந்த இருட்டில், அந்தச் சாலையில், அந்த நீள வண்டியைத் திருப்பினால் இரண்டு வண்டி காணாமல் போகும்.

காத்திருந்தோம். நாற்பது நிமிஷம் கழித்து வந்தார்கள். சித்திக்கு வாந்தி, நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்பது நிமிஷத்தில் எனக்குப் போன ரத்தம் இன்னும் ஊறவில்லை.

இதற்கான ஏற்பாட்டைப் புறப்படும்போதே செய்யுங்கள். அடுத்துச் சந்திக்கும் இடம் எது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். எல்லா வண்டியும் வரும்வரை முன்வண்டி அங்கேயே நிற்கும், திரும்பி வராது. ஒரு மணி நேரம் தாண்டியும் வராவிட்டால் எதிரே வரும் லோரிக்காரரை நிறுத்திச் சொல்லுங்கள், அந்தச் சாலையில் யாரும் கேட்காமல் போக மாட்டார்கள். மெதுவாக ஓட்டுகிறவரை நடுவில் விடுங்கள், கடைசியில் விடாதீர்கள். சூரியன் சாய்ந்த பிறகு ஓட்டவே வேண்டாம். மூன்று மணிக்கு மேல் வாட்சன் லேக்கிலிருந்து கிளம்ப நேர்ந்தால் அங்கேயே படுத்துவிடுங்கள். காலையில் கிளம்புவதற்கு முன்னால் இணையத்தில் சாலை நிலவரம் பாருங்கள்: யூகோனுக்கு ‘511 யூகோன்’, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு ‘டிரைவ் பிசி’. காட்டுத்தீ, வெள்ளம், சாலை வேலை எல்லாம் அதில் வரும். மஞ்சோ லேக், ஸ்டோன் மவுண்டன் பக்கம் பகலிலும் காட்டாடுகள் உப்பு நக்கச் சாலையில் நிற்கும்.

சிக்னல் போடக் கை வலப்பக்கம் போய்க் கியர் கம்பியைத் தட்டுகிறது

இது வண்டிக் கோளாறு இல்லை, டிரைவர் கோளாறு. நம் வண்டிகளில் சிக்னல் வலக்கையில். அங்கே இடக்கையில், வலக்கைப் பக்கம் இருப்பது கியர். முதல் இரண்டு நாள் எல்லாரும் தட்டினோம், பிறகு பழகிவிட்டது. இருபதாவது நாளுக்கு மேல் திடீரென்று திரும்பவும் தட்ட ஆரம்பித்தால் மூளை தூங்கி, பழைய பழக்கம் கையை ஓட்டுகிறது. அடுத்து அதே கை வண்டியை இடப்பக்கச் சாலைக்குக் கொண்டுபோகும். பெட்ரோல் பம்பிலிருந்து வெளியே வரும் இடத்தில், சாலையில் வேறு வண்டியே இல்லாதபோது, இது நடக்கும். ஃபோர்ட் நெல்சனில் எனக்கே நடந்தது. பக்கத்தில் இருந்த மகள் “அப்பா, வலது!” என்று கத்தியதால் பிழைத்தோம். ஒரு தடவை தட்டினால் எச்சரிக்கை. இரண்டாவது தடவை தட்டினால் ஆளை மாற்றுங்கள், கேள்வி கேட்காமல்.

யாரும் யாரோடும் பேசவில்லை

எண்ணெய்ச் செலவு யார் எவ்வளவு கொடுத்தார்கள், பாத்திரம் யார் கழுவுவது, யாருடைய குறட்டை. லியார்டில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, 42 முதல் 52 டிகிரி வரை சூடு. நாங்கள் காலையில் ஒரு மணி நேரம் கழுத்தளவு நீரில் உட்கார்ந்தோம். பணக் கணக்கை ஒருவர் கையில் ஒரே நோட்டில் வைத்தால் பாதி வராது. மீதிக்கு அந்த ஊற்று.

மணி சரியாக இருந்தும் தாமதம்

வண்டியைத் திரும்பக் கொடுக்க வேண்டிய நேரத்தை எட்மண்டன் மணியில் பாருங்கள். நாங்கள் போனபோது டாசன் கிரீக்கிலிருந்து ஆல்பர்ட்டாவுக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரம் முன்னே போய்விட்டது. அப்போது டாசன் கிரீக்கில் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றவில்லை, ஆல்பர்ட்டாவில் மாற்றியிருந்தார்கள். 590 கி.மீ. பாக்கி இருக்கும் நாளில் அது பெரிய விஷயம். முந்தின ராத்திரியே எட்மண்டன் பக்கத்தில் போய்த் தங்கிவிடுங்கள். இரண்டு டாங்கியையும் காலி செய்யுங்கள், பின்கதவு ரப்பரில் படிந்த சேற்றைத் துடையுங்கள், வாங்கியபோது எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய கீறலுக்கு எங்களிடம் பணம் கேட்டார்கள்; படத்தைக் காட்டியதும் பேச்சு நின்றது. உள் டயருக்குக் காசு கொடுத்தோம், அது நம் தப்பு.

கொட்டாப்புளி பட்டறையில் பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் செப்பாங் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.